உடைவதற்கு முன் ஓடிக் காட்ட வேண்டும்: மைக்கேல் ஃப்ரெய்னின் நகைச்சுவை

மேடையில் ஒரு வீட்டுக் கூடம். வேலைக்கார அம்மாள் கையில் மத்தி மீன் தட்டோடு வருகிறார். தொலைபேசி அடிக்கிறது, எடுத்துப் பேசுகிறார். பேசி முடித்ததும் அவர் செய்ய வேண்டியவை மூன்றுதான். தட்டை அங்கேயே விட வேண்டும். ரிசீவரைத் திரும்ப வைக்க வேண்டும். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்த வேடத்தில் நடிக்கும் டாட்டி ஆட்லிக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டே இருக்கின்றன. அரங்கின் இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் ஒவ்வொன்றாகத் திருத்துகிறது. நள்ளிரவு ஆகிவிட்டது, நாடகத்தின் முதல் நாள் தலைக்கு மேல் நிற்கிறது, ஒத்திகையோ இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

மைக்கேல் ஃப்ரெய்ன் எழுதிய ‘நாய்சஸ் ஆஃப்’ நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. 1982 பிப்ரவரியில் லண்டன் ஹேமர்ஸ்மித்தின் லிரிக் தியேட்டரில் அரங்கேறி, அதே ஆண்டு சவாய் தியேட்டருக்கு மாறி, நடிகர் குழுக்கள் மாற மாற 1987 வரை ஓடியது. தொடக்கக் காட்சியை ஒரு நடிகையின் மறதியை வைத்துச் செய்த வேடிக்கை என்று நினைத்துப் பார்வையாளர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஃப்ரெய்ன் அங்கே பாடம் நடத்துகிறார். தட்டு இங்கே, ரிசீவர் அங்கே, செய்தித்தாள் உள்ளே. இயக்குநர் நடிகைக்குச் சொல்லிக் கொடுப்பதாகத் தோன்றினாலும் கற்றுக்கொள்வது அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். மூன்றாம் அங்கத்தில் இந்தச் சாமான்கள் எல்லாம் இடம் மாறித் திரியும்போது, எது எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கடைசி வரிசைக்காரருக்கும் தெரியும். அந்தத் தெரிதல் இல்லாவிட்டால் சிரிப்பும் இல்லை.

ஃப்ரெய்னின் நீண்ட எழுத்து வாழ்க்கையில் நகைச்சுவைக்கு உரிய பகுதி முழுவதையும் இந்த ஒரு கொள்கையை வைத்தே படிக்கலாம் என்பது என் கருத்து. ஒரு ஒழுங்கை முதலில் முழுமையாக ஓட்டிக் காட்டுவார். பிறகுதான் அதில் கை வைப்பார்.

அவர் 1933இல் லண்டனின் மில் ஹில்லில் பிறந்து, சர்ரே மாவட்டத்தின் யூவலில் வளர்ந்தார். அப்பா அஸ்பெஸ்டாஸ் விற்பனைப் பிரதிநிதி, காது சரியாகக் கேட்காதவர். கட்டாய ராணுவச் சேவையில் ரஷ்ய மொழி கற்றார். பிறகு கேம்பிரிட்ஜ் இமானுவேல் கல்லூரியில் தத்துவம். அங்கே 1957இல் ஃபுட்லைட்ஸ் மாணவர் குழுவின் ஆண்டு நிகழ்ச்சியில் பெரும்பகுதியை அவர்தான் எழுதினார். அது எடுபடவில்லை. அதற்குப் பிறகு லண்டன் மேடையில் அவர் பெயர் வர 1970 ஆயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகள் வீணாகவில்லை. மான்செஸ்டர் கார்டியனில் நிருபராகச் சேர்ந்து, விரைவிலேயே நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் ஆனார். 1962 முதல் 1968 வரை அப்சர்வரில் எழுதினார். ரோலோ ஸ்வேவ்லி என்ற விளம்பரத் தொடர்பு ஆலோசகர், ட்விஸ்டர் நகரத்துப் பிஷப், கிரம்பிள் தம்பதி என்று நிரந்தரக் கற்பனை மனிதர்கள் அந்தப் பத்திகளில் உலவினார்கள். பத்தி என்பது கெடுபிடியான தொழில். இடம் இவ்வளவுதான், கெடு இந்த நேரம்தான். ஒரு எண்ணத்தை எடுத்தால் அதன் விதிகளுக்கு உட்பட்டே கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும், நடுவில் வேறொன்றுக்குத் தாவ இடமில்லை.

அந்தப் பயிற்சி முதல் நாவலிலேயே தெரிகிறது. 1965இல் வந்த ‘தி டின் மென்’ நாவலில் ஒரு தானியங்கி ஆராய்ச்சி நிறுவனம் வருகிறது. செய்தித்தாள்களைக் கணினியே எழுதிவிட முடியுமா என்று அங்கே சோதிக்கிறார்கள். தலைப்புச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பொறுக்கி எடுத்து, எந்த வரிசையில் கோத்தாலும் செய்தி போலவே ஒலிக்கும் ஒரு மொழியை உருவாக்குகிறார்கள். நடப்புச் செய்திகளே தேவையில்லாத நாளேடு! உருப்படிகள் சில, அவற்றை அடுக்கும் வழிகளோ பல. மத்தித் தட்டும் ரிசீவரும் செய்தித்தாளும் இதே கணக்கின் மேடை வடிவம். அந்த நாவலுக்குச் சாமர்செட் மாம் விருது கிடைத்தது.

1970இல் கேரிக் தியேட்டரில் ‘தி டூ ஆஃப் அஸ்’. நான்கு குறுநாடகங்கள், நடிப்பவர்கள் இருவர் மட்டும்: லின் ரெட்கிரேவ், ரிச்சர்ட் பிரையர்ஸ். கடைசிக் குறுநாடகம் ஒரு விருந்து. பிரிந்துபோன கணவனையும் மனைவியையும் தவறுதலாக ஒரே இரவில் அழைத்துவிடுகிறார்கள், இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது. ஐந்து பாத்திரங்களையும் இரண்டே நடிகர்கள் செய்ய வேண்டும். ஒரு கதவில் ஒருவராக வெளியேறி, பின்னால் ஓடிக்கொண்டே உடை மாற்றி, மறு கதவில் இன்னொருவராக நுழைய வேண்டும். ஒரு நாள் ஃப்ரெய்ன் இதைப் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பது அதிகச் சிரிப்பாக இருப்பதைக் கண்டார். பின்னாலிருந்து பார்க்கும் ஒரு ஃபார்ஸ், அதாவது ஓட்டமும் கதவும் குழப்பமுமான நகைச்சுவை நாடகம், எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1977இல் அதை ‘எக்ஸிட்ஸ்’ என்ற சிறு நாடகமாக எழுதினார். தயாரிப்பாளர் மைக்கேல் காட்ரன் அதை முழு நாடகமாக விரிக்கச் சொன்னார். பக்கத்திரை ஓரம் பிறந்த எண்ணம் ஹேமர்ஸ்மித் மேடையேறப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியில் வந்த நாடகங்களிலும் ஒழுங்கும் குலைவும்தான் பொருள். ‘ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்’, 1975: மாகாணப் பத்திரிகை ஒன்றில் கத்தரித்த செய்திகளைச் சேர்த்து வைக்கும் நூலகம், அங்கே குப்பையாகக் கிடந்ததைப் புதிதாக வந்த பெண் அடுக்கிவிடுகிறாள், அடுக்கி முடித்த கையோடு பத்திரிகையே மூடப்படுகிறது. ‘டாங்கீஸ் இயர்ஸ்’, 1976: கல்லூரியின் பழைய மாணவர் சந்திப்பு, ஒரே இரவில் அமைச்சர் உட்பட எல்லோரின் மரியாதையும் கலைகிறது. 1980இல் வந்த ‘மேக் அண்ட் பிரேக்’ ஃபிராங்க்ஃபர்ட் வர்த்தகக் கண்காட்சியில் நகரும் சுவர்களும் கதவுகளும் விற்பவர்களைப் பற்றியது. இரண்டு ஆண்டு கழித்து அவர் எழுதப்போவதை நினைத்தால் அந்தச் சரக்கு பொருத்தமானதுதான்.

இனி ‘நாய்சஸ் ஆஃப்’ எந்திரத்தைக் கழற்றிப் பார்க்கலாம்.

நடிகர்கள் ஒன்பது பேர். அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோகும் உள்நாடகத்தின் பெயர் ‘நத்திங் ஆன்’. அதன் முதல் அங்கத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம், ஆனால் மூன்று முறை பார்க்கிறோம். முதலில் வெஸ்டன்-சூப்பர்-மேரில் கடைசி ஒத்திகை. அடுத்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஆஷ்டன்-அண்டர்-லைனில் பகல் காட்சி. இப்போது அரங்க அமைப்பு முழுவதும் திருப்பப்பட்டு நாம் அதன் முதுகைப் பார்க்கிறோம். மூன்றாவது, ஏப்ரலில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ். மறுபடி முன்பக்கம், ஆனால் இதற்குள் குழு சிதறிவிட்டது.

உள்நாடகத்தின் கதையை வேண்டுமென்றே மலிவாக வைத்திருக்கிறார். வரி கட்டாமல் இருக்க ஸ்பெயினில் வாழும் எழுத்தாளர் தன் மனைவியோடு சொந்த வீட்டுக்கே ரகசியமாக வருகிறார். வீடு காலி என்று நம்பி வீட்டுத் தரகு அலுவலக இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணை அழைத்து வருகிறான். அவள் வேலை பார்ப்பது வரி இலாகாவில். ஒரு திருடன் ஜன்னல் வழியே வருகிறான். வாடகைக்கு வீடு பார்க்க ஒரு ஷேக் வருகிறார். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடாமல் கதவுகளில் நுழைந்து வெளியேற வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதை நல்ல கதையாக இருந்திருந்தால் பார்வையாளரின் கவனத்தை அது தின்றிருக்கும். மூன்று முறை பார்க்க வேண்டிய ஒன்று எளிதில் மனப்பாடம் ஆக வேண்டும், யாருக்கு என்ன ஆகும் என்ற கவலை எழவும் கூடாது.

முதல் அங்கம் முழுக்க விதைப்பு. வரி நோட்டீஸ் எழுத்தாளரின் கையில் பசையோடு ஒட்டிக்கொள்வது, மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டு, ஒத்துழைக்காத கதவுகள், கான்டாக்ட் லென்ஸைத் தொலைக்கும் புரூக், ரத்தத்தைக் கண்டாலே மயங்கும் ஃபிரெடரிக், பாட்டிலைக் கண்ணில் காட்டக் கூடாத முதிய நடிகர் செல்ஸ்டன். ஒவ்வொன்றையும் ஒரு இடைஞ்சல் போல, ஒத்திகையை நிறுத்தும் தொல்லை போல நுழைக்கிறார். தகவல் சொல்கிறார் என்ற வாடையே வராது. யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதும் இதில் அடங்கும்: இயக்குநர் லாயிட் ஒரே சமயத்தில் புரூக்கோடும், உதவி மேடை மேலாளர் பாப்பியோடும் தொடர்பில் இருக்கிறார்.

இரண்டாம் அங்கம்தான் நவீன ஆங்கில நாடகத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் ‘நத்திங் ஆன்’ ஓடிக்கொண்டிருக்கிறது, வசனம் காதில் விழுகிறது. இந்தப் பக்கம் பொறாமையும் கோபமும் கொலைவெறியும். ஆனால் காட்சி நடக்கும்போது பின்னால் சத்தம் போடக் கூடாது என்பது நாடகத் தொழிலின் விதி. ஆகவே இந்தச் சண்டை முழுவதும் ஊமைச் சண்டை. விஸ்கி பாட்டில், தீயணைப்புக் கோடரி, பூங்கொத்து, கள்ளிச்செடி எல்லாம் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. டாட்டி, உடன் நடிக்கும் காரி என்பவனின் ஷூ நாடாக்களைச் சேர்த்து முடிந்துவிடுகிறாள், அவனோ அடுத்த நொடி மேடையில் நுழைந்தாக வேண்டும். அச்சிட்ட பிரதியில் இந்த அங்கம் இரண்டு பத்திகளாக இருக்கிறது, ஒன்றில் முன்மேடை வசனம், பக்கத்திலேயே பின்மேடைச் செயல். எந்தச் சொல் ஒலிக்கும்போது எந்தக் கை எதைப் பிடித்திருக்க வேண்டும் என்பது எழுத்திலேயே பூட்டப்பட்டிருக்கிறது.

இங்கே யாரும் வேடிக்கை செய்ய முயல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லத் துடிப்பவன் கூடத் தன் வசனத்துக்கான நேரம் வந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்து உள்ளே போகிறான். எல்லோரும் காட்சியைக் காப்பாற்றவே பாடுபடுகிறார்கள். நாசத்துக்குக் காரணமே அந்தக் கடமை உணர்ச்சிதான். ஒருவர் கைவிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நாடகம் நின்றிருக்கும், சிரிப்பும் நின்றிருக்கும்.

இதை மேடையேற்றுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். முதலாவது, முதல் அங்கத்தில் அவசரம். சிரிப்பு சீக்கிரம் வர வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால் தட்டு எங்கே இருந்தது என்று யாருக்கும் பதியாது, பலன் மூன்றாம் அங்கத்தில் தெரியும். இரண்டாவது, உள்நாடகத்தைப் படுமோசமாக நடித்துக் காட்டுவது. அவர்கள் சாதாரணத் தரத்துத் தொழில்முறை நடிகர்கள், வேலை தெரிந்தவர்கள். தொடக்கத்திலேயே எல்லாம் கோணலாக இருந்தால் பிறகு கோணுவதற்கு எதுவும் மிஞ்சாது. மூன்றாவது, பின்மேடையில் நடிகர்கள் வாய் திறப்பது. ஒரு முனகல் கேட்டால் கூட, “அங்கே உட்கார்ந்திருக்கும் பார்வையாளருக்கு இது கேட்காதா?” என்ற கேள்வி வந்துவிடும், நம்பிக்கை போய்விடும்.

ஒத்திகை முறையும் எழுத்தை ஒட்டியே அமைய வேண்டும். முதலில் ‘நத்திங் ஆன்’ அங்கத்தைத் தனி நாடகமாக எடுத்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்குப் பழக வேண்டும். அடுத்து பின்மேடை அசைவுகளை வசனமின்றி, மிக மெதுவாக. பிறகு இரண்டையும் சேர்த்து, கையில் சாமான் இல்லாமல். கடைசியில்தான் கோடரியும் பாட்டிலும். முன்பக்க வசனம் மூன்று வினாடி பிந்தினால் பின்னால் கோடரி தவறான ஆளின் கையில் நிற்கும், அந்த ஆள் கதவில் நுழைய வேண்டியவராக இருப்பார், அவருக்குப் பின் ஐந்து அசைவுகள் சரியும். இதைச் சமாளித்து ஒப்பேற்ற வழியில்லை. தாறுமாறாகத் தெரியும் இந்த நாடகத்தில் நடிகர் தானாக ஒரு சொல் சேர்க்கவும் இடமில்லை.

அரங்க அமைப்புக்கு இரண்டு தளம் வேண்டும், வரிசையாகக் கதவுகள், ஒரு பெரிய ஜன்னல். கதவுச் சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். ஓங்கிச் சாத்தினால் சுவர் முழுவதும் ஆடுகிற அமைப்பில் ஃபார்ஸ் நடக்காது. சாத்திய கதவு சாத்தியபடியே இருக்க வேண்டும், ஆனால் முதல் அங்கத்தில் மூட மறுக்க வேண்டிய கதவு சொன்ன வசனத்தில் மறுக்க வேண்டும். அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் பின்னால் ஒரு ஆளை நிறுத்துவதே நல்லது. இடைவேளையில் இந்த இரண்டு தளக் கட்டு முழுவதும் 180 பாகை திரும்ப வேண்டும், அடுத்த அங்கத்துக்கு மறுபடி திரும்ப வேண்டும். சுழல்மேடை இல்லாத அரங்கில் சக்கரம் வைத்த துண்டுகளாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், துண்டுகள் சேரும் இடத்தில் படிக்கட்டு வந்துவிடக் கூடாது, ஏனென்றால் அதில் ஒருவர் உருண்டு விழப் போகிறார்.

மூன்றாம் அங்கம் ஃப்ரெய்னையே பாடுபடுத்தியது. இயக்குநர் மைக்கேல் பிளேக்மோரின் தயாரிப்புக் காலத்திலிருந்தே அதை மாற்றி மாற்றி எழுதினார், 2000இல் ஜெரமி சாம்ஸ் நேஷனல் தியேட்டரில் மறுபடி இயக்கியபோதும் பிரதியைத் திருத்திக் கொடுத்தார். சிக்கல் என்னவென்று புரிகிறது. இரண்டாம் அங்கத்தில் முன்பக்கம் காதில், பின்பக்கம் கண்ணில், இரண்டும் நம்மிடம் இருந்தன. மூன்றாம் அங்கத்தில் பின்பக்கத்தை நாமே ஊகிக்க வேண்டும். ஒழுங்கு முற்றாகக் குலைந்த பிறகு குலைவை எதைக் கொண்டு அளப்பது? ஃப்ரெய்னின் விடை புரூக். எதிரில் என்ன நடந்தாலும் அவள் தன் பாட வசனத்தைப் பிசகாமல் சொல்லிக்கொண்டே போவாள், மறுமொழி வராவிட்டாலும் வந்ததாகவே பேசுவாள். மற்றவர்கள் எவ்வளவு தூரம் விலகிவிட்டார்கள் என்று அவளை வைத்துத்தான் தெரிகிறது. ஒரே திருடன் வேடத்தில் மூன்று பேர் ஒன்றாக வந்து நிற்கும் இடம் அந்த அங்கத்தின் உச்சம். ஒரு நுழைவு தவறிவிடக் கூடாதே என்று மூவரும் தனித்தனியே பொறுப்பாக ஓடி வந்ததன் விளைவு அது.

1992இல் இது ஹாலிவுட் படமானது. இயக்கம் பீட்டர் போக்டனோவிச், திரைக்கதை மார்ட்டி கப்லான். மைக்கேல் கெய்ன், கேரல் பர்னெட், கிறிஸ்டோபர் ரீவ், ஜான் ரிட்டர் என்று நல்ல நடிகர்கள். நாடகக் குழு அமெரிக்க நகரங்களில் சுற்றுகிறது, முடிவில் பிராட்வே வெற்றியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நடிகர்கள் குறை வைக்கவில்லை, ஆனாலும் படம் நாடகத்தின் பாதி உயரம்தான். மேடையில் எங்கே பார்ப்பது என்று நாம் தேர்வு செய்கிறோம். இடப்பக்கக் கோடரியைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கக் கதவு திறப்பதைக் கடைக்கண்ணால் பிடிக்கிறோம், அந்தப் பிடித்தல்தான் சிரிப்பு. கேமரா அதை நமக்காகப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. இன்னொன்று, படத்தில் தவறு நடக்காது என்று நமக்குத் தெரியும், தவறினால் மறுபடி எடுத்திருப்பார்கள். மேடையில் அந்த நடிகர் உண்மையிலேயே வழுக்கி விழக்கூடும். சேர்க்கப்பட்ட நல்ல முடிவு இன்னும் கெடுத்தது, அந்தக் குழு மீளவே கூடாது.

இந்த வேறுபாடு ஃப்ரெய்னுக்குத் தெரியும் என்பதற்கு 1986இல் வந்த ‘கிளாக்வைஸ்’ சாட்சி. அது அவர் நேராகத் திரைக்கு எழுதியது. கிறிஸ்டோபர் மோரஹன் இயக்கம், கதாநாயகன் ஜான் கிளீஸ். கதவுகளை முழுவதும் விட்டுவிட்டார். ஒரு அறைக்குப் பதில் ஒரு சாலை, பல வாசல்களுக்குப் பதில் ஒரே கெடு. தாமஸ் டாம்பியன் பள்ளியின் தலைமை ஆசிரியர் பிரையன் ஸ்டிம்ப்சன் நாரிச் நகரில் தலைமை ஆசிரியர்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போக வேண்டும். பணக்காரத் தனியார் பள்ளிகளின் கோட்டை அது, சாதாரணப் பள்ளியிலிருந்து அந்த இடத்துக்குப் போகும் முதல் ஆள் இவர். பள்ளியின் பெயர் 17ஆம் நூற்றாண்டுக் கடிகாரக் கலைஞர் ஒருவருடையது.

இங்கும் முதல் வேலை ஒழுங்கைக் காட்டுவது. ஸ்டிம்ப்சன் பைனாகுலரில் பள்ளி வளாகத்தைப் பார்த்து, ஒலிபெருக்கியில் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்து, இத்தனை மணிக்கு வந்து பார் என்று நிமிடக் கணக்கில் நேரம் கொடுக்கிறார். எதற்கும் “ரைட்” என்று சொல்லும் பழக்கத்தையும் அங்கேயே காட்டிவிடுகிறார்கள். ரயில் நிலையத்தில் வண்டி இடப்பக்கம் என்று சொல்லும்போதும் “ரைட்” என்கிறார், தவறான வண்டியில் ஏறுகிறார். உரை எழுதிய தாள்கள் வண்டியோடு போய்விடுகின்றன. பிறகு தன் மாணவி ஓட்டும் கார், அதைப் பார்த்துத் தவறாக நினைக்கும் மனைவி, உடைந்த தொலைபேசிக் கூண்டுகள், சேற்றில் புதையும் சக்கரம், துறவி மடத்து அங்கி. ஒவ்வொரு தடையும் முந்தைய தடையைத் தாண்ட அவர் எடுத்த நியாயமான முடிவிலிருந்தே வருகிறது. வெளியிலிருந்து வந்து விழும் விபத்து ஏறக்குறைய இல்லை. விரக்தியைத் தாங்கிக்கொள்வேன், நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை என்று நடுவில் அவர் சொல்வது இங்கிலாந்தில் பழமொழி போல ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும் வரை அவரால் நிற்க முடியாது, நாடகக் குழுவும் அப்படித்தான் நிற்க முடியாமல் ஓடியது.

எல்லாமே வெற்றி பெறவில்லை. 1990இல் ஆல்ட்விச் தியேட்டரில் ‘லுக் லுக்’ என்ற நாடகத்தில் பார்வையாளர்களையே மேடையேற்றினார், நாடகம் பார்ப்பவர்களை நாம் பார்க்க வேண்டும். யோசனை ‘நாய்சஸ் ஆஃப்’புக்குத் தம்பி மாதிரி இருந்தாலும் சீக்கிரமே மூடப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை, வேலை இல்லாதபோது தவறுவதற்கும் ஒன்றுமில்லை என்பதே நான் காணும் காரணம்.

செகாவை ரஷ்ய மொழியிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தது இன்னொரு பெரிய பணி. செகாவ் இளமையில் எழுதி விட்டுப்போன, முழுவதும் நடித்தால் ஆறு மணி நேரம் தாண்டும் ஒரு பிரதியை வெட்டித் திருத்தி ‘வைல்ட் ஹனி’ ஆக்கினார். 1984இல் நேஷனல் தியேட்டரில் இயன் மெக்கெல்லன் நடித்தார்.

1998இல் வந்த ‘கோபன்ஹேகன்’ நகைச்சுவை அல்ல. 1941இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க், டென்மார்க்கின் இயற்பியலாளர் நீல்ஸ் போர் என்பவரைச் சந்தித்தபோது என்ன பேசினார் என்பதை, இறந்துபோன மூவர் மறுபடி மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள். அதே கதவு, அதே வரவேற்பு, அதே நடை, ஒவ்வொரு முறையும் வேறு விளக்கம். பிராட்வேயில் 2000ஆம் ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது பெற்ற இந்த நாடகத்தை எழுதியவரும் மத்தித் தட்டை எழுதியவரும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று வியப்பவர்கள் உண்டு. ஒரே நிகழ்வைப் பலமுறை ஓட்டி வேறுபாட்டைப் பார்க்க வைக்கும் உத்தியை அவர் 1982லேயே செய்து பார்த்துவிட்டார். மேடையேற்றியவர் இரண்டுக்கும் பிளேக்மோரே.

நாடகம் எழுதப் பழகுகிறவர்கள் ‘நாய்சஸ் ஆஃப்’ பிரதியைக் கதை போலப் படித்தால் இரண்டாம் அங்கத்தில் களைத்துப் போவார்கள். ஒரு தாளை வைத்துப் பின்மேடைப் பத்தியை மறைத்துக்கொண்டு முதலில் வசனத்தை மட்டும் படியுங்கள், முதல் அங்கத்தோடு எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வசனத்தை மறைத்துவிட்டு, ஒரே ஒரு பொருளை, உதாரணமாகக் கோடரியை, அங்கத்தின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பென்சிலால் தொடருங்கள். பிறகு விஸ்கி பாட்டில். பிறகு பூங்கொத்து. மூன்று கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்த பிறகு இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படியுங்கள்.